டல்லாஸிலிருந்து எடிசன் வரை: கார் கண்ணாடி ஃபிலிமும் மாநிலச் சட்டங்களும்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் ஒரு குடும்பம். வெயில் தாங்காமல் டொயோட்டா கேம்ரியின் பக்கக் கண்ணாடிகளுக்கும் பின் கண்ணாடிக்கும் 25 சதவீத ஃபிலிம், அதாவது கால் பங்கு வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் கறுப்பு ஃபிலிம், ஒட்டியிருக்கிறார்கள். இப்போது கணவருக்கு நியூ ஜெர்சி எடிசனில் வேலை. குழந்தைகளோடு காரிலேயே போவதாகத் திட்டம். மனைவி கேட்கிறார்: "எங்களுடையது டெக்சஸ் நம்பர் பிளேட். வழியில் யாராவது நிறுத்தினால், எங்கள் மாநிலத்தில் இது சட்டப்படி சரி என்று சொன்னால் போதாதா? நியூ ஜெர்சி போய்ச் சேர்ந்த பிறகு ஃபிலிமை என்ன செய்வது?"

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: போதாது. சில மாநிலங்களில் அந்த வாதம் செல்லும், பல மாநிலங்களில் செல்லாது. நீங்கள் போய்ச் சேரப்போகும் பக்கம்தான் சட்டம் மிகக் கடுமை.

இந்தக் குழப்பம் நம்மில் பலருக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஊரில், அதாவது இந்தியாவில், இது மத்திய அரசு விதி. மத்திய மோட்டார் வாகன விதி 100-ன்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்ததும் நாடு முழுவதற்கும்தான். ஓசூர் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால் விதி மாறிவிடாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. இங்கே ஃபிலிம் எவ்வளவு இருட்டாக இருக்கலாம் என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றமும் தனியாக முடிவு செய்கிறது.

அமெரிக்க மத்திய அரசுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. பாதுகாப்புத் தரம் 205 என்று ஒன்று இருக்கிறது. ஓட்டுவதற்குத் தேவையான கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது அது. ஆனால் அது காரைத் தயாரிப்பவரையும் விற்பவரையும் தொழிலாக வேலை செய்யும் கடையையும் கட்டுப்படுத்துகிற விதி. கார் விற்றுச் சாலைக்கு வந்த பிறகு உரிமையாளர் எதை வைத்து ஓட்டலாம் என்பது மாநிலத்தின் கையில். ஓட்டுநர் உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்கின்றனவே, இதையும் ஏற்க வேண்டாமா என்று கேட்கலாம். உரிமம் உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கான சான்று. காரில் என்ன மாட்டியிருக்கிறது என்பதற்கு அந்த ஏற்பு தானாக வராது. அந்த மாநிலத்தின் சட்டத்திலேயே வெளி மாநில வண்டிக்கு விலக்கு எழுதியிருக்க வேண்டும்.

எழுதியிருக்கும் மாநிலங்கள் உண்டு. டெக்சஸே அப்படித்தான், டெக்சஸில் பதிவாகாத வண்டிக்கு அங்குள்ள ஃபிலிம் சட்டம் பொருந்தாது. நார்த் கரோலினா இன்னும் தெளிவாகச் சொல்கிறது: வேறு மாநிலத்தில் பதிவான வண்டி, அந்த மாநிலத்தின் விதிக்குள் இருந்தால் போதும். மேரிலாந்தில் 35 சதவீத வரம்பு அந்த மாநிலத்தில் பதிவான வண்டிகளை வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

ஜார்ஜியாவின் கதை வேறு. அங்கே பழைய சட்டம் ஜார்ஜியாவில் வசிப்பவர்களை மட்டும்தான் பிடித்தது. 2004-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உள்ளூர்க்காரருக்கு ஒரு நியாயம், வெளியூர்க்காரருக்கு ஒரு நியாயமா என்று அதைச் செல்லாததாக்கியது. அப்புறம் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். இப்போது ஜார்ஜியாவில் ஓடுகிற எந்த வண்டிக்கும் அது பொருந்தும். ஆக, "வெளி மாநில வண்டி, விட்டுவிடுவார்கள்" என்று நண்பர்கள் சொல்வது ஒரு மாநிலத்தில் உண்மையாகவும் பக்கத்து மாநிலத்தில் பொய்யாகவும் இருக்கும்.

வழியைப் பார்க்கும் முன்னால் உங்கள் "25 சதவீதம்" என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். சட்டம் பேசுவது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தை விடுகின்றன என்பதைப் பற்றி. கடைக்காரர் சொல்லும் எண் பெரும்பாலும் ஃபிலிமுக்கு மட்டுமானது. கேம்ரி மாதிரி செடான் காரின் முன் கதவுக் கண்ணாடி, எதுவும் ஒட்டாமலேயே, 75 முதல் 80 சதவீத வெளிச்சத்தைத்தான் விடும். 78 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 25 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 78-ல் கால் பங்குதான் உள்ளே வரும், ஏறக்குறைய 19.5. டெக்சஸில் முன் கதவுக் கண்ணாடிக்கு வரம்பு 25. அதாவது, உங்கள் கார் புறப்படும் இடத்திலேயே வரம்பைத் தாண்டி நிற்க வாய்ப்பிருக்கிறது! அதே கண்ணாடியில் 35 சதவீத ஃபிலிம் என்றால் 27 வரும், டெக்சஸுக்குச் சரியாக இருக்கும்.

கடைக்காரர் 25 என்று சொன்னது ஃபிலிமையா, மொத்தத்தையா என்பதை பில்லை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. டெக்சஸ் சட்டப்படி, ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சின்ன லேபிள் இருக்க வேண்டும். முன் கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் தேடுங்கள். லேபிளே இல்லையென்றால் அதுவும் ஒரு குறை. முன்பெல்லாம் வருடாந்தரப் பரிசோதனையில் இது வெளியே வந்துவிடும். 2025 ஜனவரியிலிருந்து டெக்சஸில் சொந்த உபயோகக் கார்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது. அதனால், தவறாக ஒட்டியிருந்தாலும் போலீஸ் நிறுத்தும் வரை உங்களுக்குத் தெரியாமலே போகும். ஃபிலிம் கடைகளில் டின்ட் மீட்டர் இருக்கும், கண்ணாடியின் விளிம்பில் மாட்டி நொடியில் அளந்து சொல்லிவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

சரி, வழி. பெரும்பாலும் ஐ-30 நெடுஞ்சாலை பிடித்து லிட்டில் ராக், அங்கிருந்து ஐ-40-ல் மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில் தாண்டி ஐ-81, அப்புறம் ஹாரிஸ்பர்க் அருகே கிழக்கே திரும்பி ஐ-78 வழியாக எடிசன். 1,500 மைலுக்கு மேல். ஆர்கன்சாவில் பக்கக் கண்ணாடிக்கு 25, டெக்சஸ் மாதிரியேதான். டென்னசியில் 35. நாக்ஸ்வில் தாண்டி வர்ஜீனியாவுக்குள் நுழைந்ததும் முன் பக்கக் கண்ணாடிக்கு 50, பின் பக்கத்துக்கு 35. மேற்கு வர்ஜீனியாவில் 35. ஆனால் ஐ-81 அந்த மாநிலத்தில் ஓடுவது 26 மைல்தான், அரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடுவீர்கள். மேரிலாந்தில் அதிலும் பாதி.

வர்ஜீனியாவில்தான் அதிக நேரம் ஓட்டுவீர்கள், 320 மைலுக்கு மேல். ஃபிலிம் விஷயத்தில் அங்கே ஒரு நல்ல செய்தி: 2021 மார்ச்சிலிருந்து, ஃபிலிம் இருட்டாக இருக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் அங்கே போலீஸ் வண்டியை நிறுத்தக் கூடாது. வேறு காரணத்துக்காக நிறுத்தினால் ஃபிலிமுக்கும் சேர்த்து எழுதலாம். அதனால் அங்கே வேகம்தான் ஜாக்கிரதை. வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு மேல் போனாலோ, குறித்த வேகத்தைவிட 20 மைல் கூடினாலோ அது வெறும் டிக்கெட் இல்லை, பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்ற வழக்கு. விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு இது ஃபிலிமைவிடப் பல மடங்கு பெரிய தலைவலி. க்ரூஸ் கன்ட்ரோலை 70-ல் போட்டுவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். குறித்த வேகம் குறையும் இடங்களில் நீங்களும் குறைத்துவிடுங்கள்.

பென்சில்வேனியாவில் பரிசோதனை விதிப்படி 70. சாலையில் போலீஸ் பார்க்கும் சட்டப் பிரிவு, சதவீதம் எதையும் சொல்லாமல், வெளியிலிருந்து பார்த்தால் வண்டியின் உள்ளே தெரிய வேண்டும் என்கிறது. தயாரிப்பாளர் போட்ட கண்ணாடிக்கு விலக்கு உண்டு, மருத்துவச் சான்றுக்கு உண்டு; வெளி மாநில வண்டிக்கு அந்தப் பிரிவில் விலக்கு இல்லை. 20 சதவீதத்தில் இருக்கும் முன் கண்ணாடிகளோடு ஹாரிஸ்பர்க் பக்கம் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இத்தனை மைலில் உங்களை நிச்சயம் நிறுத்துவார்கள் என்று பயமுறுத்த மாட்டேன். பெரும்பாலானோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் போய்ச் சேர்கிறார்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், சின்னதாக ஒரு போக்குவரத்து விதிமீறல் இருந்தாலே போலீஸ் நிறுத்துவது செல்லும், மனதுக்குள் வேறு நோக்கம் இருந்ததா என்று பார்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. கறுப்புக் கண்ணாடி தூரத்திலிருந்தே தெரிகிற விதிமீறல். உங்களை நிறுத்த ஒரு காரணத்தை நீங்களே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இனி எடிசன். நியூ ஜெர்சியில் முன் விண்ட்ஷீல்டிலும் முன் கதவுக் கண்ணாடிகளிலும் ஃபிலிம் ஒட்டவே அனுமதி இல்லை. மோட்டார் வாகன ஆணையத்தின் நிலை அதுதான். சட்டத்தின் வாசகம், அந்தக் கண்ணாடிகளில் ஒளி ஊடுருவாத பொருள் இருக்கக் கூடாது என்பது. 2022-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை விளக்கியது. ட்ரென்டனில் ஒரு காரைப் பின் கண்ணாடி இருட்டாக இருக்கிறது என்று போலீஸ் நிறுத்தியிருந்தார்கள். முன் விண்ட்ஷீல்டோ முன் பக்கக் கண்ணாடியோ உள்ளே இருக்கும் ஆளும் பொருளும் தெளிவாகத் தெரியாத அளவுக்கு இருட்டாக இருந்தால்தான் இந்தப் பிரிவில் நிறுத்தலாம் என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு "இலேசான ஃபிலிம் இருந்தால் பரவாயில்லை" என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு போலீஸ் எப்போது நிறுத்தலாம் என்பதைப் பற்றியது. 20 சதவீத வெளிச்சமே விடும் உங்கள் முன் கண்ணாடிகளை அது காப்பாற்றாது. ராத்திரியில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியவே தெரியாது. முன் இரண்டு கதவுகளிலும் எடுத்துவிடுங்கள். எனக்கு இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

பின் கதவுகளுக்கும் பின் கண்ணாடிக்கும் நியூ ஜெர்சியில் அந்தக் கெடுபிடி இல்லை. அப்படியானால் பின்னால் இருப்பதை விட்டுவிடலாமா? நியூ ஜெர்சிக்குள்ளேயே ஓட்டினால் விடலாம். ஆனால் எடிசனில் வீடு என்றால் நியூ யார்க் போகாமல் இருக்க முடியாது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோவிலுக்கே போவீர்கள். அங்கே செடான் கார் என்றால் முன் கதவுகளுக்கு மட்டுமல்ல, பின் கதவுக் கண்ணாடிகளுக்கும் 70 சதவீதம். இரு பக்கமும் வெளியே சைடு மிரர் இருந்தால் கடைசிப் பின் கண்ணாடி மட்டும் எவ்வளவு இருட்டாகவும் இருக்கலாம். நியூ யார்க் சட்டம் அந்த மாநிலச் சாலையில் வண்டி ஓட்டும் யாரையும் பிடிக்கும். நம்பர் பிளேட்டைப் பார்ப்பதில்லை. 2017-லிருந்து அவர்களுடைய வருடாந்தரப் பரிசோதனையிலும் ஃபிலிமைச் சேர்த்துவிட்டார்கள், அந்த அளவுக்குக் கவனமாக இருக்கிறார்கள்.

இங்கே பக்கத்து வீட்டு ஆர்ஏவி4 அல்லது ஹோண்டா பைலட்டைப் பார்த்து "அவர்கள் பின் கண்ணாடி கறுப்பாக இருக்கிறதே" என்று கேட்கத் தோன்றும். அது வேறு கணக்கு. உங்கள் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். கேம்ரியில் 'பாசஞ்சர் கார்' என்று இருக்கும். எஸ்யூவியிலும் மினிவேனிலும் 'எம்பிவி' என்று இருக்கும், பல பயன் வாகனம் என்று பொருள். மத்தியத் தரம் எம்பிவிகளில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கண்ணாடிகளுக்கு 70 சதவீதம் கேட்பதில்லை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்புகிறார்கள். மாநிலங்களும் பெரும்பாலும் அதை ஒட்டியே எழுதியிருக்கின்றன. முன் கதவுகளுக்கு மட்டும் எஸ்யூவிக்கும் எந்தச் சலுகையும் கிடையாது. இரண்டாவது கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

"ஃபிலிமை எடுத்துவிட்டால் குழந்தைகளுக்கு வெயில் அடிக்குமே" என்பது நியாயமான கவலை. இங்கேதான் பெரும்பாலோர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. இருட்டும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாதாரணச் சாயம் பூசிய மலிவு ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைக்கும். அகச்சிவப்பைப் பெரும்பகுதி விட்டுவிடும். செராமிக் ஃபிலிம் நேர் எதிர். பார்க்க ஏறக்குறையத் தெளிவாக இருக்கும், ஆனால் அகச்சிவப்பில் கணிசமான பகுதியையும் புற ஊதாக் கதிரில் 99 சதவீதத்தையும் தடுக்கும். எஸ்யூவியின் கறுப்புக் கண்ணாடி இருட்டாக இருந்தும் உள்ளே சூடாக இருப்பதற்கும் இதுவே காரணம். அது நிறம் மட்டும்தான். வாங்கும்போது கடைக்காரரிடம் இருட்டின் எண்ணைக் கேட்காதீர்கள். மொத்தச் சூரிய சக்தியில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறது என்று கேளுங்கள்.

ஆனால் ஒரு தடை: தெளிவான செராமிக் ஃபிலிமும் ஃபிலிம்தான். நியூ யார்க்கின் 70-க்குள் நிற்க வேண்டுமென்றால், 78 சதவீதக் கண்ணாடியின் மேல் ஒட்டுவது 90 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த வகை கடையில் கிடைக்கும். உங்களுக்கு நான் சொல்வது: முன் கதவுகளை வெறுமனே விடுங்கள்; பின் கதவுகளுக்கு, மொத்தம் 70-க்குக் குறையாமல் டின்ட் மீட்டரில் பார்த்து, இந்தத் தெளிவான வகையை ஒட்டுங்கள்; கடைசிப் பின் கண்ணாடியில் இப்போது இருப்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்போடு நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் கவலையில்லாமல் போய் வரலாம். குழந்தை சீட் பக்கம் வெயில் நேராக அடித்தால், எடுத்து மாட்டக்கூடிய வலைத் திரை போதும்.

வீட்டில் யாருக்காவது லூபஸ் மாதிரி வெயில் பட்டால் மோசமாகும் நோய் இருந்தால் வேறு வழி உண்டு. டெக்சஸில் டாக்டர் கடிதத்தைக் காரில் வைத்துக்கொள்கிறார்கள். நியூ ஜெர்சியில் மோட்டார் வாகன ஆணையத்துக்கு விண்ணப்பித்துத் தனியாக விலக்குச் சான்று வாங்க வேண்டும். ஒரு மாநிலத்தின் விலக்கு அடுத்த மாநிலத்தில் தானாகச் செல்லாது. பயணத்தில் அசல் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள், போய்ச் சேர்ந்ததும் புதிதாக விண்ணப்பியுங்கள்.

வழியில் யாராவது நிறுத்தினால்: ஓரம் கட்டியதும் நான்கு கண்ணாடிகளையும் முழுவதும் இறக்கிவிடுங்கள். ராத்திரி என்றால் உள் விளக்கைப் போடுங்கள், கைகள் ஸ்டியரிங்கின் மேல் இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நடந்து வருகிறவருக்கும் பயம் இருக்கும். கண்ணாடி இறங்கி, பின்னால் குழந்தைகள் உட்கார்ந்திருப்பது தெரிந்தாலே பாதி இறுக்கம் குறைந்துவிடும். கேட்டால், டெக்சஸில் ஒட்டியது, வீடு மாறிப் போகிறோம், போனதும் எடுக்கப் போகிறோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வாதம் செய்ய இடம் சாலை ஓரம் இல்லை. டிக்கெட் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, அதில் போட்டிருக்கும் நீதிமன்றத்துக்குக் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். வேறு மாநில டிக்கெட்தானே என்று தூக்கிப் போட்டவர்கள் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சிக்கிக்கொள்கிறார்கள்.

எப்போது எடுப்பது என்றால், டல்லாஸிலேயே முன் கதவுகளுக்கு எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பென்சில்வேனியா வழியில் இருக்கிறது, அதற்காகவே சொல்கிறேன். மற்றவற்றை நியூ ஜெர்சி போய் மாற்றலாம். அங்கே குடியேறிய 60 நாளுக்குள் வண்டிப் பதிவை மாற்ற வேண்டும், அதற்குள் இந்த வேலையையும் முடித்துவிடுங்கள். முன் கதவு ஃபிலிமை ஹேர் டிரையரால் சூடாக்கி ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரித்தால் வீட்டிலேயே வந்துவிடும், பசைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். பின் கண்ணாடியை மட்டும் என்றைக்கும் நீங்களே பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டாம். பனி உருக்கும் மெல்லிய கம்பிகள் அந்தக் கண்ணாடியின் உட்பக்கத்தில், ஃபிலிமுக்கு அடியிலேயே ஓடுகின்றன. ஒன்று அறுந்தாலும் அந்த வரி முழுவதும் வேலை செய்யாது. டல்லாஸில் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், நியூ ஜெர்சி ஜனவரியில் தினமும் தேவைப்படும்.